மூன்றடிக் குழி

ஹா லாம்,
மார்ச் 4

அன்புத் தம்பி தோவானுக்கு, அக்கா லியென் எழுதுவது.

போனில் பேசினால் விரட்டுகிறாய், அதனால்தான் கடிதம். விமான நிலைய அலுவலகத்தில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

புது விமான நிலையத்துக்காக நம் ஊர் இடுகாட்டை ஏப்ரல் இருபதுக்குள் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். பழைய சமாதிகளைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் அம்மாவைப் புதைத்து இருபது மாதம்தானே ஆகிறது? மூன்று வருடம் போய் எலும்பு சுத்தமான பிறகுதானே எடுத்து, வாசனைத் தண்ணீரில் கழுவி, சின்ன மண்பெட்டியில் வைத்து மறுபடி புதைப்போம்? இப்போது தோண்டினால் என்ன இருக்கும் என்று உனக்கே தெரியும். இப்படி முப்பத்தொன்பது புதுச் சமாதிகள். முதல் திட்டத்தில் இவற்றுக்கு மூன்று வருடம் முடியும்வரை தவணை இருந்ததாம். அதை யாரோ அடித்து நீக்கிவிட்டார்களாம். செலவுத் திட்டம் போடுகிறவன் நீதானே, யாரென்று விசாரித்துச் சொல்.

உன் அக்கா,
லியென்


ஹனோய்,
மார்ச் 11

அன்புள்ள அக்கா,

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அந்தத் தவணையை அடித்தது நான்தான். அந்த இடத்தில்தான் முதல் ஓடுதளம் வருகிறது. மண் நிரப்புவது ஒரு மாதம் நின்றாலும் மொத்தச் செலவும் எகிறிவிடும். 'பத்து சதவீதம் குறை, இல்லன்னா வேற ஆளப் பாக்குறோம்' என்று மேலதிகாரிகள் சொன்னார்கள். சிமெண்டிலா கைவைக்க முடியும்? செத்தவர்கள் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று நினைத்துவிட்டேன்.

சமாதியை எடுக்கச் சம்மதம் என்று நீ முதலில் கையெழுத்துப் போட்டுக்கொடு, என் வேலை தப்பிக்கும். அம்மாவை நானே வந்து என் கையால் எடுக்கிறேன். மகன் இருக்கும்போது வேறு யார் எடுப்பது?

அன்புத் தம்பி,
தோவான்


ஹா லாம்,
ஏப்ரல் 9

தம்பி,

உன்னை நம்பிக் கையெழுத்துப் போட்டேன். நேற்று அம்மாவை எடுக்கிற நாள், நீ வருவாய் என்று காலை பத்து மணிவரை சாலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். எலும்பு வெயிலைப் பார்க்கக்கூடாது, விடியுமுன் எடுத்துவிடலாம் என்று தோண்டுகிற மேஸ்திரியிடம் முதல் நாளே கெஞ்சியிருந்தேன். 'எட்டு மணிக்கு மேலதாம்மா வேலை. உங்க தம்பி போட்ட அட்டவணை' என்றார்.

திறந்தார்கள். அம்மாவின் முகம் அடையாளம் தெரிந்தது. சவப்பெட்டியோடு அப்படியே கொண்டுபோய்விடலாம் என்று அழுதேன். புது இடுகாட்டில் குழியின் நீளம் மூன்றடிதானாம். எலும்புப் பெட்டிக்கு அது போதும் என்று எல்லாருக்கும் ஒரே அளவாகப் போட்டிருக்கிறாய். மேஸ்திரி கத்தியை நீட்டி, 'இத மகன்தான் செய்யணும். மகன் எங்க?' என்று கேட்டார். நான் செய்தேன். எலும்பிலிருந்து சதையை எடுத்து முடிக்க மத்தியானம் ஆயிற்று. எவ்வளவு எலுமிச்சை தேய்த்தும் கையில் வாடை போகவில்லை. பாவி, ஏன் வரவில்லை?

நம் அம்மாவோடு போகட்டும். மீதி முப்பத்தெட்டையாவது விட்டுவிடு. இல்லையென்றால் குழியையாவது நீளமாக்கு.

லியென்


ஹனோய்,
ஏப்ரல் 16

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை முழுதாகப் படிக்க முடியவில்லை. அன்றைக்கு இங்கே பேருந்து நிலையம்வரை போய்த் திரும்பிவிட்டேன். பயந்துவிட்டேன், அதுதான் உண்மை.

குழியை நீட்ட வழியில்லை. நிலம் வாங்கி அளந்தாயிற்று. ஆனால் ஒரு நல்ல செய்தி. திட்ட அதிகாரியின் சொந்த அக்காவே முதலில் தன் தாயை எடுத்துக்கொடுத்தார், ஒரு குறையும் சொல்லவில்லை என்று உன் பெயரோடு அச்சடித்து வீடு வீடாகக் கொடுக்கச் சொன்னேன். முப்பத்தெட்டுக் குடும்பங்களும் கையெழுத்துப் போட்டுவிட்டன. வேலை ஒரு நாள்கூடத் தள்ளிப்போகவில்லை. என் பதவியும் நிரந்தரமாகிவிட்டது. எல்லாம் உன் புண்ணியம்.

அன்புத் தம்பி,
தோவான்


ஹா லாம்,
மே 2

தோவானுக்கு,

முப்பத்தெட்டு வீட்டிலும் கத்தி எடுத்தாயிற்று. ஊரில் யாரும் என்னோடு பேசுவதில்லை. பக்கத்து வீட்டு ஹோவா, எட்டு மாதத்துக்கு முன் புதைத்த மகளைத் தோண்டியவள், 'ஒரு குறையும் இல்லன்னு சொன்னவ நீதான?' என்று கேட்டு என் வாசலில் துப்பினாள். துடைக்கவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன்.

அம்மாவின் புதுக் கல்லில் பெயர் வெட்ட ஆள் வந்தார். கல்லில் போடுவதற்குப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டார். 'நான் ஒருத்திதான். பையன் ஒருத்தன் இருந்தான், சின்ன வயசுலயே போயிட்டான்' என்றேன். அவரும் பரிதாபப்பட்டு, அப்படியே வெட்டிவிட்டுப் போனார்.

லியென்