காடெயண்டா என்பவரின் பதக்கம்

நாபோக்லு, குடகு
4 ஆகஸ்ட் 1986

அன்பு அண்ணாவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே. படித்ததும் கிழித்துவிடு. உனக்கு எழுதியது தெரிந்தால் அப்பா என்னோடு பேசவே மாட்டார்.

மரக்காலின் வார் அறுந்து அப்பாவின் தொடை புண்ணாகிவிட்டது. புதுக்கால் கேட்டு மறுபடியும் அந்த முன்னாள் படைவீரர் அலுவலகத்துக்குப் போனோம். காயச் சான்றிலும், பதக்கத்தின் விளிம்பிலும் நம் வீட்டுப் பெயர் மட்டும்தான் இருக்கிறதாம். குமாஸ்தா சொன்னார்: "இதெல்லாம் காடெயண்டாவுக்குக் கொடுத்தது. நீங்க குட்டப்பா. அவரை வரச் சொல்லுங்க."

"எங்க வீட்டுல எல்லாருமே காடெயண்டாதான்யா. மொத்தக் குடும்பத்தையும் கூட்டிட்டு வரவா?" என்றார் அப்பா.

"கால் போனவரை மட்டும் கூட்டிட்டு வாங்க."

அப்பா மரக்காலைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்தார். குமாஸ்தா காகிதங்களை நகர்த்திக்கொண்டார், அவ்வளவுதான்.

உன் தங்கை,
தேச்சு

பட்டாள முகாம்
18 ஆகஸ்ட்

அன்புள்ள தேச்சு,

குண்டுகளுக்கு நடுவே டெலிபோன் கம்பி இழுத்துக்கொண்டு போய், கண்ணிவெடியில் காலைப் பறிகொடுத்த மனிதர். இப்போது பெயரை இழுத்துக்கொண்டு அலைகிறார்.

அன்று அவரோடு கம்பிச் சுருள் சுமந்தவர் இங்கே சுபேதாராக இருக்கிறார். பதக்கத்தைக் கண்ணால் பார்த்தால், இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று எழுதித் தருகிறாராம். அப்பாவிடம் கேட்டு அனுப்பிவை.

அண்ணன்,
பெள்ளியப்பா

நாபோக்லு
2 செப்டம்பர், இரவு

அண்ணா,

கேட்டேன். "நான் யாருன்னு இன்னொருத்தன் எழுதித் தரணுமா? அது தபால்ல போகாது" என்று கத்தினார்.

நாளை கைல்போது, நம் ஆயுத பூசை. துப்பாக்கிகளுக்குச் செங்காந்தள் சூட்டி விளக்கின் முன் வைத்தாயிற்று. வருடாவருடம் கூடவே இருக்கும் பதக்கத்தை அப்பா எடுத்துவிட்டார்.

"எவனோ காடெயண்டாவோட சாமான். நம்ம முன்னோர் முன்னால எதுக்கு? விடிஞ்சதும் காவேரில போடுறேன்."

"மரக்காலையும் சேர்த்துப் போட்டுட்டு நொண்டிக்கிட்டே வாங்க," என்றாள் அம்மா. அவர் சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

அவர் சட்டைப் பையிலிருந்து பதக்கத்தை எடுத்துவிட்டேன், அண்ணா. இதோடு உறையில் வைக்கிறேன். காலையில் தேடினால் என்ன சொல்வேன்? திருடினேன் என்றா? ஆனால் ஆற்றில் போனால் அவருக்குக் காலும் இல்லை, பெயரும் இல்லை.

மரக்கால் சத்தம் கேட்கிறது. கதவைத் தட்டுகிறார். திறக்கப் பயமாக இருக்கிறது. வெளியில் நின்றே மெல்லச் சொல்கிறார்:

"தேச்சு, அதை அப்படியே உறைல போடாத. ரிப்பன் கசங்கிடும். பஞ்சு வச்சுச் சுத்தி அனுப்பு."