பிரசவ வார்டு ஸ்கேனில் ஓர் ஆம்பிளை

30.11.2006, வியாழன்

கீழப்பழுவூர் விவசாயி ஒருவர் மூச்சுத் திணறலோடு வந்தார். “பனி வந்தா இழுக்குங்க, ஆஸ்துமாதான்” என்றார் மனைவி. பெரிய டாக்டரும் அதையே சொன்னார். எனக்கு நுரையீரலில் நீரோ என்று சந்தேகம். இருக்கிற ஒரே ஸ்கேன் மிஷின் பிரசவ வார்டில். கருவில் ஆணா பெண்ணா பார்த்துவிடுவோமாம், சட்டப்படி மிஷினை அறையை விட்டு நகர்த்தக் கூடாது! ஸ்ட்ரெச்சரையே அங்கே தள்ளினேன்.

“புள்ளத்தாச்சிங்க படுக்குற எடத்துலயா? மானம் போவுதுங்க!” மனைவி மறித்தார். சண்டை போட்டுத்தான் நுழைந்தேன். ஸ்கேன் கருவியை அவர் நெஞ்சில் வைத்ததும் திரையில் வெள்ளைக் கோடுகள் வால் வாலாக இறங்கின. நீரேதான். நீர் பிரிய ஊசி போட்டேன்.

சாயங்காலம் அவர் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார். மனைவி வார்டு முழுக்கச் சொல்கிறார்: “ஒரே ஊசியில சரியாயிட்டுது. இந்த டாக்டரம்மாதான் புள்ள பாக்குற மிஷின்ல படுக்க வெச்சு நேரத்தக் கடத்திட்டாங்க.”

பெரிய டாக்டர் தலையாட்டுகிறார்!