விற்காமல் வைத்த புல்

ராபியாவின் தந்தைக்கு, நம் மாத்தர் ஊரிலிருந்து ஸல்ஹா எழுதுவது. அல்லாஹ்வின் அருளும் அமைதியும் உங்கள் மேல் இருக்கட்டும். ராபியாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். இத்தாலியில் குளிர் தொடங்கியிருக்கும், கம்பளிச் சட்டையைப் பெட்டியிலேயே வைத்திருக்காதீர்கள்.

இந்த விலையில் தீனி போட்டுக் கட்டுப்படியாகாது, புல்லையும் மாடுகளையும் சேர்த்தே விற்றுவிடு என்று எழுதியிருந்தீர்கள். புல்லில் பாதியை விற்றேன். மாடுகளை விற்கவில்லை. கோபிக்காமல் முழுதும் படியுங்கள்.

மழை பொய்த்ததால் முதல்தரக் காய்ந்த புல் கட்டு பதினான்கு தினாருக்கு ஏறிவிட்டது. வியாபாரி ஹாஜி அம்மார் லாரியோடு வந்தார். புல்போரின் வெளிப்பக்கம் வெளுத்திருந்ததைப் பார்த்து, "இது ரெண்டாம் தரம்மா, ஒன்பதுக்கு மேல தேறாது" என்றார். "வெயில் மேல்தோலைத்தான் சுட்டிருக்கு ஹாஜி. நடுவுல எந்தக் கட்டு வேணும்னு நீங்களே காட்டுங்க" என்றேன். காட்டியதை உருவிக் கயிற்றை அறுத்தேன். உள்ளே பச்சை அப்படியே இருந்தது. ஓட்ஸ் கதிர் முற்றும் முன்பே அறுத்த புல் அல்லவா, இலை உதிரவில்லை, தண்டு ஒடியாமல் வளைந்தது. கையை நுழைத்துப் பார்த்தார். ஈரம் புழுங்கிய சூடும் இல்லை, பூஞ்சை வாடையும் இல்லை. "உன் புருஷன் இருந்தா இவ்வளவு வாயாட மாட்டான்" என்றார். "அவர் இருந்தா ஒன்பதுன்னு சொல்ல உங்களுக்கு வாய் வந்திருக்காது" என்றேன். சிரித்துவிட்டுப் பதினான்கே கொடுத்தார்.

பனியில் நனைந்த கட்டுகளைத் தனியாக ஒதுக்கியிருந்தேன். உங்கள் தம்பி நாஜி, "நடுவுல சொருகிடுங்க அண்ணி, யாரு பார்க்கப்போறா?" என்றார். "பார்க்கிறவன் பார்த்துட்டுத்தான் இருக்கான்" என்று சொல்லி, ஹாஜியிடமும் சொல்லியே அவற்றை அரை விலைக்குத் தள்ளினேன்.

மீதிப் புல் பசும்புல் முளைக்கும்வரை நம் இரண்டு மாடுகளுக்கும் காணும். எல்லோரும் மாட்டைச் சந்தைக்கு ஓட்டுவதால் மாட்டுவிலை பாதிக்கு வந்துவிட்டது; மழை பெய்தபின் திரும்ப வாங்க மும்மடங்கு கேட்பார்கள். சிவப்பு மாடு வேறு சினையாக இருக்கிறது.

நேற்று நாஜி ஒரு மாட்டுத் தரகரை அழைத்துவந்தார். "வீட்டுக்காரர் வந்துதான் பேசணும்" என்றேன். "அவரு எங்கம்மா வரப்போறாரு?" என்று தரகர் கேலி செய்தார். "கன்னு போடறதுக்குள்ள வந்துருவாரு" என்று சொல்லிவிட்டேன்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் நான். அந்தச் சொல்லை அல்லாஹ் உண்மையாக்கட்டும், நீங்களும் உண்மையாக்குங்கள்.

உங்கள் ஸல்ஹா