அம்மாவின் காது மெஷின்

என் தனம் அக்காவுக்கு,

நீ எங்களை விட்டுப் போய் நான்கு மாதம் ஆகிறது. உனக்குச் சொல்லும் முதல் செய்தியே நல்லதாக இல்லை. அம்மாவின் காது மெஷின் கெட்டுவிட்டது.

உப்பளத்தில் உப்பு வாரும்போது, மடியில் செருகியிருந்த அதன் பெட்டி நழுவி வரப்பில் விழுந்திருக்கிறது. திறந்து பார்த்தேன். உள்ளே பச்சை போர்டில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். அந்த இடத்தில் செம்புக் கோடு ஒன்று அறுந்திருந்தது.

மறுநாள் அளத்து மேஸ்திரி வாசலுக்கே வந்துவிட்டார். பின்னால் வந்த லாரியின் ஹாரன் அம்மாவுக்குக் கேட்கவில்லையாம்.

"ஏம்மா, எலக்ட்ரானிக்ஸ்தான படிச்ச? திங்கக்கிழமைக்குள்ள ரிப்பேர் பண்ணு. இல்லன்னா ஒங்கம்மாவ அளத்துக்கு அனுப்பாத. எதுனா ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அளத்தில் நீ அம்மா பக்கத்தில் இருந்தவரை லாரியைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை.

அக்கா, உன்னிடம் சொல்லாத ஒன்று. படித்த மூன்று வருடத்தில், ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னை நான் தொட்டது இரண்டு முறைதான். லேபில் மேசைக்கு ஒன்றுதான், கேட்டு வாங்கக் கூச்சம். மற்றவர்கள் செய்வதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஆனாலும் செல்போன் கடையில் அயர்னை இரவல் வாங்கி, விரிசலுக்கு மேல் மெல்லிய கம்பி வைத்துப் பற்றவைத்தேன். அம்மா மாட்டிக்கொண்டதும், "காக்கா கத்துதுடி!" என்றாள். "ஒன் கொரலுதான் கேக்கல. நீ பேசினாதான கேக்கும்?"

இரண்டே நாள். மறுபடி சத்தமில்லை. திறந்தால், நான் வைத்த ஈயத்தைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

பற்றவைக்கும் முன் போர்டை எதனால் துடைத்தேன் தெரியுமா? நீ அளத்துக்குப் போட்டுப்போகும் முழுக்கைச் சட்டையால். உன் வாசம் போய்விடும் என்று அதைத் துவைக்க நான் யாரையும் விடவில்லை. உப்பு ஊறிய துணி; அந்த உப்புதான் செம்பை அரித்துவிட்டது. அளத்து வீட்டுப் பெண்ணுக்கு இது எப்படித் தோன்றாமல் போனது?

திரும்பச் சூடு வைத்தேன். செம்புக் கோடே பெயர்ந்து வந்துவிட்டது. "இதுக்கு மேல தொடாதம்மா, ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் கடைக்காரர். நான் படித்தது இதற்குக்கூட உதவவில்லையா அக்கா?

நாளை திங்கள். "காது இல்லன்னா என்னாடி, கண்ணு இருக்குதே" என்று கூடையை எடுத்து வைக்கிறாள் அம்மா. "முதுகுலயா இருக்குது?" என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை.

நான் அளத்தில் கால் வைக்கக் கூடாது என்றுதான் நீ என்னைப் படிக்க அனுப்பினாய். மன்னித்துவிடு. நாளை அம்மாவோடு நானும் போகிறேன். என் குரல் யாருக்கும் எட்டாது. அதனால் அவள் கைக்கு எட்டும் தூரத்திலேயே நிற்பேன்.

உனக்கு அடுத்துப் பிறந்தவள்,
கலா