எடைக்கல்லும் ஏழு நாளும்

அன்புச் சின்னுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். உனக்குச் சளி விட்டதா, விடுதியில் வெந்நீர் ஒழுங்காக வருகிறதா என்பதை முதலிலேயே கேட்டு முடித்துவிடுகிறேன். போனில் நான் பத்து வரி அனுப்பினால் நீ ஒரு ‘ம்’ போடுகிறாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். விரைவு அஞ்சலில் போட்டால் மூன்றே நாளில் வந்துவிடும் என்று ஓட்டல் வரவேற்பறைப் பெண் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள்.

சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் விடுமுறை தொடங்கும்போது நான் வீட்டில் இருக்க மாட்டேன். உனக்குக் கிடைப்பதே இரண்டு வாரம். அதில் முதல் வாரம் நீயும் நானும் மட்டும், அவர் தன் கடை மாடியிலேயே இருப்பார் என்று, பதிவு அலுவலகத்துக்குக் கல்யாணத்துக்குக் கிளம்பும் முன் உனக்கு வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை மீறப்போகிறேன். ஏன் என்று படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

நான் இந்தப் பயணத்தைச் சொன்னபோது நீ கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. “வேலைக்குப் போற இடத்துக்கே தேனிலவாம்மா? பகல்ல எடைக்கல்லு, சாயங்காலம் மாப்பிள்ளையா?” உண்மையிலேயே அப்படித்தான் கிளம்பினோம். விமானத்தில் எங்கள் அலுவலக எடைக்கல் இருந்த பெட்டியை என் மடியிலேயே வைத்துக்கொண்டேன். பரிசோதனை அதிகாரி கல்லை வெளியே எடுக்கச் சொன்னார். நான் அலுவலகக் கடிதத்தை நீட்டி, கை படக் கூடாது என்று மன்றாடி, மூடியை மட்டும் திறந்து காட்டித் தப்பித்தேன். “ஒரு கிலோதான், ஆனா குழந்தையை விட அதிகமா அழ வைக்குது” என்றார் உன் கண்ணாடிக் கடைக்காரர். இந்தப் பெயர் நீ வைத்தது. அவருக்கும் பிடித்திருக்கிறது.

ஜன்னலுக்குக் கீழே மேகம் விலகியபோது வெள்ளை மலைகள் தெரிந்தன. ஒரு வீடு இல்லை, ஒரு சாலை இல்லை. அரை மணி நேரம் அப்படியே போய்க்கொண்டிருந்தது. நாற்பத்தாறு வயது வரை இதெல்லாம் எனக்குத் தெரியாமல் அதுபாட்டுக்கு இருந்திருக்கிறது என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. பக்கத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அவருக்கு எதைப் பார்த்தாலும் முதலில் துடைக்க வேண்டும்.

வினையே அதில்தான் வந்தது. ஓட்டலுக்கு வந்ததும் கல் அசைந்திருக்குமோ என்ற பயத்தில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே திறக்கவே கூடாது. இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களுக்கு நான் படித்துப் படித்துச் சொல்லும் விதி அது. மூடியைச் சாத்தாமலேயே குளிக்கப் போய்விட்டேன். தலை துவட்டிக்கொண்டு வந்தால் அவர் பெருமையாகச் சொல்கிறார், “மேல லேசா ஒரு மங்கல் இருந்துச்சுங்க. துடைச்சு வச்சுட்டேன்.”

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். எப்படித் துடைத்தீர்கள் என்று கேட்டேன். வாயால் ‘ஹா’ என்று ஊதி, லென்ஸ் துணியால் துடைத்து, விரலால் தடவிப் பார்த்தாராம். முப்பது வருடத் தொழில் சுத்தம்.

உனக்குத் தெரியும், நம் பக்கத்துக் கடைகளின் எடைக்கற்களை எல்லாம் எங்கள் அலுவலகக் கல்லோடு ஒப்பிட்டுத்தான் முத்திரை போடுகிறோம். எங்கள் கல்லை இங்கே இருக்கும் தலைக்கல்லோடு ஒப்பிடத்தான் இத்தனை தூரம் வந்தது. அதில் ஒரு விரல் பட்டாலும் எடை மாறும். யாரிடமும் சொல்லாதீர்கள், கண்ணுக்குத் தெரியாத அளவுதான் என்று அவரிடம் சொன்னேன். ஆமாம் சின்னு, நான்தான் அப்படிச் சொன்னேன். சொன்னால் கல்லைக் கழுவி முதலிலிருந்து தொடங்குவார்கள், நாள் தள்ளிப்போகும், உன்னிடம் கொடுத்த வாக்கு போய்விடும். அது ஒன்றுதான் என் மண்டையில் ஓடியது.

அவர் லென்ஸ் துணியை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, “நான் கால் பவர் தப்பா கண்ணாடி போட்டுக் குடுத்தா வாங்கினவருக்குத் தலைவலி வரும். கண்ணுக்குத் தெரியலையேன்னு சொன்னா விடுவாராங்க?” என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. செய்வதையும் செய்துவிட்டு நியாயம் வேறு பேசுகிறாரே என்று.

மறுநாள் ஆய்வுக்கூடம். தரைக்குக் கீழே இரண்டு மாடி இறங்க வேண்டும். தராசு நிற்கும் மேடை, கட்டடத்தைத் தொடாமல் தனியாகப் பாறையில் ஊன்றியிருக்கிறது. மேலே யாராவது நடந்தால் அதிர்வு வரக் கூடாதாம். அங்கே இருக்கும் டெக்னீஷியன் என் வயதுப் பெண். என்னை விட ஒன்றரை அடி உயரம். நெட்டை என்று மனதுக்குள் பெயர் வைத்துவிட்டேன். சுவரோரமாக நிற்கச் சொன்னாள். திரையில் எண் அசையாமல் நின்றது. நான் தெரியாமல் இரண்டு அடி முன்னால் வந்தேன். ஒரு நிமிடம் கழித்து எண்ணின் கடைசி இலக்கம் மெல்ல நகர்ந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டேன். ‘உங்கள் உடம்புச் சூடு காற்றைத் தொட்டுவிட்டது, அதுதான்’ என்றாள், ஏதோ மழை வருகிறது என்று சொல்வதைப் போல.

எங்கள் தராசு நல்ல தராசுதான். ஆனால் மூச்சுவிட்டுக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள் என்பதைக் கண்டுகொள்ளும் அளவு நல்லது இல்லை. பின்வாங்கிச் சுவரோரமாக நின்றேன். கோயிலில்கூட நான் அப்படி நின்றதில்லை. அந்த எண் பழைய இடத்துக்குத் திரும்பும்வரை பொறுத்திருந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெட்டியைத் திறந்தது நான், துடைத்தது என் வீட்டுக்காரர் என்று.

நெட்டை திட்டவில்லை. கையா, துணியா என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். ஊதவும் செய்தார் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு கல்லை அப்படியே ஏற்றிப் பார்த்தாள். போன தடவைச் சான்றிதழை விடத் தொண்ணூறு மைக்ரோகிராம் கூடுதல். ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறாக வெட்டி, அதில் தொண்ணூறு எடுத்தால் அவ்வளவு. இனிக் கழுவ வேண்டும். கழுவிய கல் ஏழு நாள் ஆறிக் கிடக்க வேண்டும். அதற்கப்புறம் மூன்று நாள் எடை பார்ப்பார்கள். நடுவில் அவசரப்படுத்த முடியாது.

ஊதின ஆளைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டதால் மறுநாள் அவரையும் கூட்டிப்போனேன். கல்யாணத்துக்குப் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். எதையும் தொட்டுவிடக் கூடாது என்று இரண்டு கைகளையும் பின்னால் கோத்துக்கொண்டு நின்றார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் குறித்து வைத்திருந்த அந்தத் தொண்ணூறை நெட்டை காட்டினாள். நெடுநேரம் பார்த்துவிட்டு, “இது நானாங்க?” என்று என்னைக் கேட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் ஒரு ஜோக்குகூட அடிக்கவில்லை.

இப்போது நாங்கள் காத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே ஆற்றுக்குக் குறுக்கே ஒரு பாலம் இருக்கிறது. கப்பல் வந்தால் தார்ச்சாலை, விளக்குக் கம்பம், வெள்ளைக்கோடு எல்லாம் சேர்ந்து எழுந்து வானத்தைப் பார்த்து நிற்கிறது. பஸ்ஸில் இருப்பவர்கள் செய்தித்தாளைக்கூட மடிக்கவில்லை. நாங்கள் மட்டும் வாயைப் பிளந்து நின்றோம். தினமும் போய்ப் பார்க்கிறோம். நேற்று பாலம் இறங்கிக்கொண்டிருக்கும்போது அவர் உன் பேச்சை எடுத்தார்.

“பொண்ணு லீவு முடியற வரைக்கும் நான் கடை மாடியிலயே இருந்துக்கறேங்க. நான் பண்ணின தப்புக்கு அது எதுக்கு விட்டுக்கொடுக்கணும்?” என்றார். இன்னும் என்னை ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுகிறார். நானும் அப்படித்தான். சரி என்று சொல்ல மனம் வரவில்லை, வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. யோசித்துப் பார்த்தால், உனக்கு வாக்குக் கொடுத்தேனே தவிர, உனக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. ஒரு வாரத்தைக் கையில் கொடுத்து உன் வாயை அடைத்திருக்கிறேன். அப்பா போன இந்த ஒன்பது வருடத்தில் உன்னிடம் நான் அப்படி நடந்துகொண்டது அது ஒரு தடவைதான். அது தப்பு.

இப்போது கேட்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையை விட்டு அதற்கடுத்த ஞாயிறு, காலை பத்து மணி வாக்கில் வீட்டுக்கு வந்துவிடுவேன். தனியாக வரட்டுமா, சேர்ந்து வரட்டுமா? நீ எதைச் சொன்னாலும் அதன்படி நடக்கும். அவருக்கும் அதில் வருத்தம் இருக்காது. இருந்தாலும் உன்னிடம் காட்ட மாட்டார்.

சாவி எதிர்வீட்டு டீச்சரிடம் இருக்கிறது. அம்மா இல்லாத வீட்டில் என்ன இருக்கிறது என்று விடுதியிலேயே தங்கிவிடாதே. போய் ஜன்னல்களைத் திறந்து வை. உன் அறையை நான் தொடவில்லை, யாரும் தொட மாட்டார்கள். எங்களை மன்னித்துவிடு என்றெல்லாம் கேட்க மாட்டேன், அது உன் சௌகரியம். நான் வரும்போது நீ வீட்டில் இரு கண்ணா.

நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, நீ நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன்,
அம்மா