எண்பது மீட்டர் விரிசல்

அன்பு மருமகள் சிட்டுவுக்கு,

உன் தாய்மாமன், தார்ச் சக்கரவர்த்தி, விரிசல்களின் எமன், சகல ஆசிகளுடன் எழுதுவது. நான் சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்தே தொடங்குகிறேன். நீயும் நம்ப வேண்டாம். ஆனால் திங்கட்கிழமைக்குள் கடைசிவரை படித்துவிடு. அன்று காலை பத்து மணிக்கு உன் புருஷனுக்கு விசாரணை.

ஆஸ்பத்திரி மேட்டுச் சாலையில் விழுந்த விரிசலை எண்பது மீட்டர் என்று மாப்பிள்ளை அளந்து எழுதினார். என் கணக்கில் அது பூமியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தன் வாலைத் தானே கவ்விக்கொண்டிருந்தது. காது வைத்தால் அடியில் வேறொரு நாட்டில் பஸ் ஓடும் சத்தம் கேட்டது. அதை அடைக்கத்தான் மேற்பார்வைக்கு அவரும், தார் ஊற்ற நானும் போனோம்.

முதலில் காற்றடித்துத் தூசியை வெளியேற்ற வேண்டும். பிறகு பர்னரால் சூடு காட்டி ஈரத்தைப் போக்க வேண்டும். அதன் பிறகுதான் தார். ஈரத்தில் ஊற்றினால் மேலே பளபளவென்று உட்காரும், உள்ளே ஒட்டாது. எங்கள் வேலையில் இது அரிச்சுவடி.

அன்று காலையில் தூறல். பர்னரில் கேஸ் தீர்ந்துவிட்டது. மாப்பிள்ளை வேறு சிலிண்டர் எடுக்க டிப்போவுக்குப் போனார். அடியில் விறகு எரிய, தொட்டியில் உருகிய தாரோ சூடேறிக்கொண்டே இருந்தது. அளவுக்கு மீறிச் சூடேறினால் கருகி அத்தனையும் வீண். அப்போது நடந்த அதிசயத்தைக் கேள். தார் பொறுமை இழந்து தொட்டியைவிட்டு எழுந்து, தானே போய் விரிசலில் படுத்துக்கொண்டது! நான் வெறும் பார்வையாளன்.

மூன்றாவது மழையில் அது நாடா மாதிரி உரிந்து வந்தது. தண்ணீர் அடியிலிருந்த ஜல்லியை அரித்தது. ஒரு நாள் சாலை உள்வாங்கிவிட்டது. பள்ளத்தில் ஒரு கப்பல் விழுந்தது என்று எழுதத்தான் ஆசை. விழுந்தது ஸ்கூட்டரில் போன தையல்காரர். தொடை எலும்பு இரண்டு துண்டு. இனி மிஷின் மிதிப்பாரா என்று டாக்டர் சொல்ல மறுக்கிறார்.

வேலைப் புத்தகத்தில் 'ஈரம் இல்லை' என்ற இடத்தில் மாப்பிள்ளையின் கையெழுத்து இருக்கிறது. நீயும் ஊரிலிருந்து போனில், "கையெழுத்துப் போடறப்ப கண்ணு எங்க போச்சு? இனிமே எங்கிட்டப் பேசாதீங்க" என்று வைத்துவிட்டாயாமே. பன்னிரண்டு நாள் ஆகிறது. போனைச் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே சாய்த்துவைத்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தட்டு ஆறிப்போகிறது. "இப்படியே இளைச்சா கதவத் திறக்காமலே உள்ள வந்துடலாம் மாப்ள" என்று சொல்லிப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

நேற்று மொட்டைமாடியின் விளிம்பில் நின்றார். என்ன மாப்ள என்றேன். "ஒண்ணுமில்ல மாமா, சும்மா காத்து வாங்கறேன்" என்றார். ஒரு இலை அசையவில்லை, சிட்டு. மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருக்கிறேன். வேலைக்குப் போகாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருக்கிறேன். தெரிந்த வேடிக்கையெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டேன். அவருக்கு என் குரல் போதவில்லை.

திங்கட்கிழமை அவருக்கு முன்னால் நான் அந்த அறைக்குள் போவேன். என்ன சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டேன். இந்த ஜென்மத்தில் நான் எழுதிய மிகச் சிறிய கதை அது. ஆனால் அதுவரை அவர் இருக்க வேண்டுமே. இதைப் படித்த கையோடு அவரைக் கூப்பிடு. திட்டுவதானால் திட்டு, ஆனால் கூப்பிடு. நீங்கள் இருவரும் நூறாண்டு சண்டை போட்டு வாழ வேண்டும்.

பூமியைச் சுற்றிய விரிசல் பொய். தானே நடந்த தார் பொய். திரும்பி வந்தவரிடம் "உள்ளங்கைய வெச்சுப் பாத்துட்டுத்தான் ஊத்தினேன் மாப்ள, எலும்பா காஞ்சிருந்துச்சு" என்று சொல்லிக் கையெழுத்துப் போடவைத்தேனே, அது எல்லாவற்றிலும் பெரிய பொய். இன்றுவரை அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஒரு சின்ன இடம் மட்டும் நிஜம், அம்மா. டிப்போவுக்குக் கிளம்பும்போது அவர் திரும்பி நின்று, "நான் வர்ற வரைக்கும் ஊத்தாதீங்க மாமா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

இப்படிக்கு,
உன் மாமன்