கண்ணாடி தந்த உள்ளி மணம்

என் அன்ரன்,

நீ சாம்பல் பானைக்குள் ஆறவிட்டுப்போன நாலாவது கண்ணாடியை எடுத்துவிட்டேன். ஒரு வெடிப்பும் இல்லை. "நான் வந்துதான் எடுப்பன், நீ அவசரப்பட்டுக் கை வைக்காதை" என்று சொல்லிவிட்டுப் போனாய். உன்னை அடக்கம் செய்து இரண்டு நாள் கழித்துத்தான் பானையைத் திறந்தேன். இந்தமுறை மட்டும் அவசரப்படவில்லை.

வெளிர் மஞ்சள். பெருவிரல் நகமளவு. அச்சடித்த தாளின்மேல் வைத்தால் எழுத்துகள் மேலே எழும்பி வந்து நிற்கின்றன.

மின்சாரம் இன்னும் வரவில்லை. பௌதிகத் துறையின் பின்பக்கம் நீ கட்டிய அடுப்பு அப்படியே இருக்கிறது: சிரட்டைக்கரி, அதை ஊதச் சைக்கிளின் பின்சில்லில் பூட்டிய காற்றாடி. முன்பு நான் மிதிக்க, நீ உருக்கினாய். இப்போது ஐந்தாவதுக்கு மிதிப்பதும் நான், இறங்கி ஓடிப்போய்ப் பார்ப்பதும் நான்; இரண்டு முறை ஊற்றி வெடித்துவிட்டது. களைத்துப்போகிறேன், மச்சான். கால் மட்டுமில்லை.

"மணலை உந்த அடுப்பிலை உருக்கேலாது. தெலூரியம் ஒட்சைட்டு நல்ல பிள்ளை, கெதியா உருகும்" என்பாய். ஆனால் தனியே விட்டால் அது லேசில் கண்ணாடியாகாது. சந்தைக் கடையில் வாங்கிய அப்பச்சோடாவை, கண்ணாடிக்குக் கண்ணாடி கொஞ்சம் கூட்டிச் சேர்த்தாய். தெலூரியம் அணு நாலு ஒட்சிசனைப் பிடித்திருக்கிறது. சோடாவின் சோடியம் கூடக்கூட ஒரு பிடியை விடுகிறது. கட்டமைப்புத் தளர, ஒளி முறியும் அளவும் குறையும். இது உன் கணிப்பு. இதைக் காட்டத்தானே இத்தனை பாடு?

அந்தத் தெலூரியத் தூளோடு புழங்கினால் மூச்சில் உள்ளிப்பூண்டு மணக்கும். துளி உடம்புக்குள் போனாலே போதும், கிழமைக்கணக்கில் போகாது. உனக்கு மணத்தது. நாம் அறையெடுத்திருந்த நல்லூர் வீட்டு மாமிக்கு நீ குருநகர் மீன்பிடிகாரரின் பிள்ளை என்பது முதல் நாளே தெரியும். அதன்பிறகு மூக்கா முடிவு செய்யும்?

"தம்பி, உவரோடை ஒரு அறையிலை என்னெண்டு இருக்கிறீர்? ஒரே மீன் வெடுக்கு."

நீ அறைக்குள் இருந்து சிரித்தாய். "உள்ளியையும் மீனையும் பிரிக்கத் தெரியாத மனிசி, என்னெண்டடா கறி காய்ச்சுறா?"

அந்தக் கிழமையே உன்னை அறையை விடச் சொன்னார். அது தெலூரியத்தின் மணம் என்று எனக்குத் தெரியும். ஒரு வசனம் போதும். சொன்னால் என்னையும் வீட்டைவிட்டு எழுப்பிவிடுவார் என்ற பயத்தில், கிணற்றடியில் கழுவின முகத்தையே கழுவிக்கொண்டு நின்றேன். பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நீ குருநகர்க் கரைக்கே போனாய். ஒன்பதாம் நாள் உங்கள் வீட்டில் ஷெல் விழுந்தது.

ஷெல் அடித்தவனை எல்லோரும் திட்டுகிறார்கள். திட்டத்தான் வேண்டும். ஆனால் உன்னை அங்கே அனுப்பியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அஞ்சலிக் கூட்டத்தில் போர் பறித்த மாணவன் என்றார்கள். நானும் கைகட்டிக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

இப்போது எனக்கும் மணக்கிறது. நேற்று மாமி வாசலில் மறித்தார்.

"என்ன தம்பி, உள்ளி மணக்குது? வாய்வோ? பாவம், மல்லி அவிச்சுத் தரட்டே?"

அதே மணம், அன்ரன். அதே அறை. தோட்டம் செய்யும் சுன்னாகத்துக் கமக்காரன் மகனான என் வாயில் அது மருந்து. "ஓம் மாமி" என்று வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். அதைத்தான் தாங்க முடியவில்லை.

இன்று காலை, கண்ணாடியின் தடிப்புக்கு எழுத்து எவ்வளவு எழும்பித் தெரிகிறது என்று நகரும் நுணுக்குக்காட்டியால் அளந்தேன். மூன்றாவதைவிட நாலாவதில் ஒளிமுறிவு குறைவு. உன் கணிப்பு சரி. போத்தலில் இன்னும் ஓர் உருக்கலுக்குத் தூள் இருக்கிறது. ஐந்தாவதையும் ஊற்றிவிட்டுக் கட்டுரையை எழுதுவேன். உன் பெயர்தான் முதலில் வரும். அது லேசான வேலை.

மற்றதையும் செய்வேன். இந்தக் கடிதத்தை உன் நினைவு மலருக்காக அச்சுக்குக் கொடுக்குமுன் மாமியின் முன்னால் போய் நின்று சொல்வேன்: "அவனுக்கு மணத்ததும் இதுதான், மாமி. அண்டைக்கே எனக்குத் தெரியும்." அதற்குப் பிறகு அங்கே இருக்க விடமாட்டார். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன். தங்க இடம் தருவீர்களா என்று உன் அம்மாவிடம் கேட்டேன். "பாதிக் கூரை இருக்கு, வா மகன்" என்றார்.

இனியாவது உன் மச்சான்,
சிவநேசன்